நேரலைக்கு நடுவே நெஞ்சு படபடத்தால்

நான் செய்திச் சேனல் ஒன்றில் பேனல் புரொட்யூசர். நேரலை ஓடும்போது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, அடுத்தது எந்தக் காட்சி, எந்த நிருபர், விளம்பர இடைவேளை எப்போது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெட்செட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். எதிரே சுவர் முழுக்கத் திரைகள். அந்த நாற்காலியில் இருக்கும்போதே எனக்குப் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பீதி, வரும். இப்போதும் எப்போதாவது வருகிறது. நினைத்தவுடன் எழுந்து வெளியே போக முடியாத வேலை என்பதால், உட்கார்ந்த இடத்திலேயே அதைக் கடக்கப் பழக வேண்டியதாயிற்று. அப்புறம் சிகிச்சைக்குப் போனபோது அங்கேயும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்: ஓடாமல் இருப்பதுதான் சிகிச்சையில் பெரும்பகுதி.

முதலில் உடம்பைப் பாருங்கள்

வந்திருப்பது பேனிக் அட்டாக்தானா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதல் முறையாக நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வலி கை, தோள், தாடை என்று பரவினாலோ, நடக்கும்போதும் படியேறும்போதும் கூடினாலோ, உட்கார்ந்து சமாளிக்கும் பேச்சே கிடையாது. ஈசிஜியோடு தைராய்டு, ஹீமோகுளோபின், ரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இதே படபடப்பு, இதே கை நடுக்கம், இதே வியர்வை வரும். ரத்தசோகையிலும் இதயம் வேகமாக அடிக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அதை நம்புங்கள். புதிதாக வேறு தொந்தரவு வந்தால் மறுபடி காட்டலாம். மற்றபடி வாராவாரம் ஈசிஜி எடுப்பதும், நிமிடத்துக்கு ஒருதரம் ஸ்மார்ட் வாட்சில் நாடித்துடிப்பைப் பார்ப்பதும் பயத்துக்குத் தீனி போடும் வேலை. நேரலை நேரத்தில் நான் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன்.

உள்ளே நடப்பது என்ன

இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போகும் என்பார்கள். பாதி என்பது கொஞ்சம் மிகை. ஆனாலும் தெரிந்துகொள்வது உதவுகிறது.

ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு வேகமாகிறது. ஆனால் நீங்கள் ஓடவில்லை, கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். தேவைக்கு மேல் மூச்சு விட்டதில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுவென்று மரத்துப்போகிறது, சுற்றியிருப்பது எதுவும் நிஜமில்லாததுபோல் தோன்றுகிறது. மூச்சு போதவில்லை என்று நினைக்கிறோம், உண்மையில் அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த கட்டம்தான் விஷமம். 1986-இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார். இதயம் படபடக்கிறது, 'இது மாரடைப்பு' என்று மனம் அர்த்தம் செய்கிறது, அந்த அர்த்தமே புதிய பயம், அந்தப் பயத்தில் இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. தொடங்கி வைத்தது வேலையின் நெருக்கடியாக இருக்கலாம். அதை உச்சத்துக்கு ஏற்றுவது நாம் கொடுக்கும் அர்த்தம்.

இந்த உச்சம் பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் வந்துவிடும். அப்புறம் இறங்கத்தான் வேண்டும். அதே வேகத்தை மணிக்கணக்கில் தாங்கிப் பிடிக்க உடம்பால் முடியாது. மயங்கி விழுந்துவிடுவோமோ என்பது இன்னொரு பெரிய பயம். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பீதியில் அது ஏறத்தான் செய்கிறது. அதனால் பேனிக் அட்டாக்கில் மயங்கி விழுவது அபூர்வம். ரத்தத்தையோ ஊசியையோ கண்டு மயங்குகிறவர்கள் கதை வேறு.

அந்தப் பத்து நிமிடம்

"ஆழமா மூச்சு இழு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்த அறிவுரை பிடிக்காது. ஏற்கெனவே அதிகமாக இழுத்துக்கொண்டிருப்பவரை இன்னும் இழுக்கச் சொல்வது அது. வெளியே விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மெதுவாக உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. மூச்சை வெளியே விடும்போது இதயத்தின் வேகம் இயல்பாகவே குறைகிறது; நீளமாக விட்டால் அந்தத் தணிவு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்து.

அடுத்து, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டும். 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்பது என்னிடம் எடுபடவில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஏன் இப்படி அடிக்கிறது என்று மனம் திருப்பிக் கேட்கிறது. நான் சொல்லிக்கொள்வது: 'இது அட்ரினலின். ஏறும், இறங்கும். அதுவரை அடுத்த வேலை.' இந்த வாக்கியத்தைப் படபடப்பு இல்லாத நாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வார்த்தை தேடிக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம் 'அடுத்த வேலை'. கையில் இருக்கும் வேலையிலேயே சின்னதாக, எண்ணோடு சம்பந்தப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் பேக் டைமிங் என்று ஒன்று உண்டு, முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. நிகழ்ச்சி 9 மணிக்கு முடிய வேண்டும். கடைசித் தலைப்புச் செய்திகளுக்கு 1 நிமிடம் 20 விநாடி, வானிலைக்கு 2 நிமிடம், இடைவேளைக்கு 3 நிமிடம். அப்படியானால் 8 மணி 53 நிமிடம் 40 விநாடிக்கு இடைவேளைக்குப் போயாக வேண்டும். கை நடுங்கினாலும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடுவேன். கோணல் மாணலாக வரும், பரவாயில்லை. கணக்காளராக இருந்தால் ஒரு பத்தி எண்களைக் கூட்டுங்கள். வாடிக்கையாளர் சேவையில் இருந்தால் எதிர்முனையில் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கள். எதுவும் இல்லாவிட்டால் கண்ணில் படும் ஐந்து பொருள்கள், காதில் விழும் மூன்று ஒலிகள் என்று பெயர் சொல்லிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூச்சையும் கணக்கையும் செய்துகொண்டே 'போய்விட்டதா, போய்விட்டதா' என்று நெஞ்சைச் சோதித்துக்கொண்டிருந்தால் அது போகாது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்ற மனநிலைதான் வேண்டும். சொல்வது சுலபம், வருவதற்கு நாளாகும்.

இருந்த இடத்திலேயே இருங்கள் என்பதற்கும் விலக்கு உண்டு. வண்டி ஓட்டிக்கொண்டோ, உயரத்தில் நின்றோ, இயந்திரத்தை இயக்கிக்கொண்டோ இருந்தால் முதலில் பாதுகாப்பாக நிறுத்துங்கள். நோயாளி உங்கள் பொறுப்பில் இருந்தால் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அதைக் கடந்துவிட்டு, வேலைக்குத் திரும்புங்கள்.

வராத நாளில் செய்ய வேண்டியது

பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் நிரந்தர மாற்றம் இங்கேதான் வருகிறது. பேனிக் அட்டாக்கின் உண்மையான சேதம் அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை. அடுத்து எப்போது வருமோ என்று வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வதில் இருக்கிறது. கதவோரம் உட்காருவது, தண்ணீர் பாட்டில் இல்லாமல் கூட்டத்துக்குப் போகாதது, லிஃப்டைத் தவிர்ப்பது, பெரிய பொறுப்பை மறுப்பது. ஒவ்வொன்றும் அப்போதைக்கு நிம்மதி தரும். ஆனால் 'அது இருந்ததால்தான் தப்பித்தேன்' என்று மூளைக்குப் பாடம் நடத்திவிடும். எனக்கு அது பையில் வைத்திருந்த மாத்திரை அட்டை. பல மாதம் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, ஆனால் அட்டை இல்லாமல் நாற்காலியில் உட்கார முடியாது. உங்களுக்கும் இப்படி இரண்டு மூன்று ஊன்றுகோல்கள் இருக்கும். பட்டியல் போட்டு, சுலபமானதிலிருந்து ஒவ்வொன்றாக விடுங்கள்.

இன்னொன்று, படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பது. கேட்டால் விசித்திரமாக இருக்கும். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் (சிபிடி) இது முக்கியமான பயிற்சி. சுழலும் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றினால் தலை கிறுகிறுக்கும். ஸ்ட்ரா வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விட்டால் மூச்சு முட்டும். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பின்பு எதுவும் செய்யாமல் அது தானாக அடங்குவதைப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும்போது, படபடப்பு வேறு, ஆபத்து வேறு என்பது உடம்புக்கே பழகிவிடுகிறது. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. முதல் சில முறை சிகிச்சையாளர் பக்கத்தில் இருப்பது எல்லோருக்குமே நல்லது.

ஒரு சின்ன நோட்டும் வைத்துக்கொள்ளலாம். என்ன நடக்கும் என்று பயந்தேன், என்ன நடந்தது என்று இரண்டே பத்திகள். என் நோட்டில் இடது பக்கம் 'செத்துவிடுவேன்' என்றும் வலது பக்கம் 'புல்லட்டின் முடிந்தது, கிராபிக்ஸில் ஒரு எழுத்துப் பிழை' என்றும் இருக்கும்.

காபி பற்றி ஒரு வரி: கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வேலையையும் பேச வேண்டும்

ஆள் பற்றாக்குறையை மூச்சுப் பயிற்சி சரிசெய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலைச் சோர்வை நோய் என்று வகைப்படுத்தாமல், சரியாக நிர்வகிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. மேலாளரிடம் போய் "எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்றால் அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். "இரண்டு நேரலைகளுக்கு நடுவே இருபது நிமிட இடைவெளி வேண்டும்", "இரவு ஷிஃப்ட் முடிந்த மறுநாள் காலை ஷிஃப்ட் போடாதீர்கள்" என்று அவரால் செய்து முடிக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். எல்லா மேலாளர்களும் அதற்குத் தகுதியானவர்கள் இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். நான் ஆள்காட்டி விரலை உயர்த்தினால் அடுத்த கவுண்ட் டவுனை எங்கள் ஸ்விட்சர், அதாவது திரையில் காட்சிகளை மாற்றுபவர், எடுத்துக்கொள்வார். நான் எழுந்து போக மாட்டேன், பக்கத்திலேயே இருப்பேன் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம்.

அட்டாக் மறுபடி மறுபடி வந்தாலோ, அடுத்தது பற்றிய கவலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வேலைக்குப் போவதையே தவிர்க்கத் தொடங்கினாலோ, தூங்குவதற்காக மது குடிக்க வேண்டியிருந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, யாரையாவது உடன் அழைத்துக்கொண்டு போங்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் தர சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதைப் பார்த்துப் பயந்து நீங்களாகவே நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். சட்டென்று அமைதிப்படுத்தும் பென்சோடயசபைன் வகை மாத்திரைகளுக்கு உடம்பு அடிமையாகக்கூடும். எத்தனை நாளைக்கு என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்கு வந்தால்? "ரிலாக்ஸ்" என்று சொல்லாதீர்கள், முதுகைத் தட்டாதீர்கள், சுற்றிக் கூட்டம் சேர விடாதீர்கள். "பக்கத்திலேயே இருக்கட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் உட்கார்ந்துகொண்டு உங்கள் மூச்சை நீங்கள் மெதுவாக விடுங்கள். நெஞ்சு வலி என்று அவர் முதல் முறையாகச் சொல்கிறார் என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.