கடற்காற்றில் பேஸ் கிற்றார்: கம்பி, நெக், மேடைக் கரண்ட்

திருகோணமலையில் உப்புவெளியிலோ டச்பே பக்கமோ கடற்கரை மேடையில் ஓரிரவு வாசித்துவிட்டு, துடைக்காமல் பைக்குள் போட்ட பேஸை மூன்று நாள் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஈ கம்பியின் (நாலில் ஆகத் தடித்தது) சுற்றுகளுக்கிடையில் வெள்ளையாய்ப் பூத்திருக்கும். பிரிட்ஜில் (உடலில் கம்பிகள் முடியும் உலோகத் தகடு), கம்பி தங்கும் சின்னக் கட்டையான சாடிலைத் தூக்கிப் பிடிக்கும் சின்னத் திருகுகளின் தலையில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். வியர்வையிலும் உப்பு, காற்றிலும் உப்பு. கண்டியில் இருப்பவருக்கு ஆறு மாதம் போகும் கம்பி இங்கே இரண்டு மாதத்தில் மந்தமாகிவிட்டால் கம்பிக்காரனைத் திட்டிப் பயனில்லை.

வாசித்து முடிந்ததும் பழைய பருத்திச் சறத்துத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் கிள்ளிப் பிடித்து, நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பிரிட்ஜ் வரை இழுத்துத் துடையுங்கள். மேற்பக்கம் மட்டும் துடைத்தால் போதாது, அழுக்கு தங்குவது ஃபிரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) தொடும் அடிப்பக்கத்தில்தான். பிரிட்ஜ் திருகுகளுக்கு மாதம் ஒரு தடவை தையல் மெசின் எண்ணெய், அதுவும் ஈர்க்கு நுனியால் ஒரு சொட்டு. கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிசுபிசுத்து, மணலையும் தூசியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நிலாவெளி ஹோட்டல்களில் ஏசி அறைக்குள் குளிர்ந்து கிடந்த பேஸை நேரே வெளியே கொண்டுவந்து பையைத் திறந்தால், சோடாப் போத்தலில் வியர்ப்பதுபோல் உலோகமெல்லாம் வியர்க்கும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியில் வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

கம்பி வாங்கும்போது நாலு கம்பி பேஸுக்கு 45, 65, 85, 105 என்ற அளவு (அங்குலத்தின் ஆயிரத்தில் பங்கு) வழமையானது. நிக்கல் பூசியது விரலுக்கு இதம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவை அதிகம் தாங்கும், சத்தமும் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஃபிரெட்டைச் சற்று வேகமாகத் தேய்க்கும். பழைய திரைப்பாட்டும் பைலாவும்தான் உங்கள் குழுவின் சோறு என்றால் தட்டை நாடா சுற்றிய ஃபிளாட்வவுண்ட் கம்பி நல்ல முடிவு: மேற்பரப்பு தட்டையாக இருப்பதால் உப்பு நுழைய இடம் குறைவு. மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பனியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃபிளாட்வவுண்டைத்தான் போட்டார், அறுந்தாலொழிய மாற்றுவதில்லை என்று பெயரெடுத்தவர். கம்பியைப் பெருவிரலால் அடித்து ஸ்லாப் வாசிப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது, அவர்களுக்கு ஸ்டீல்தான்.

கம்பி செத்துவிட்டதா என்று அறிய காதைவிட நகம் நம்பகமானது. கம்பியின் அடிப்பக்கம் நகத்தை ஓட்டுங்கள். மூன்றாம், ஐந்தாம் ஃபிரெட் நேரே நகம் தடக்கினால் சுற்று பள்ளமாகிவிட்டது, அதை எதுவும் மீட்காது. பள்ளம் இல்லாமல் மந்தமாக மட்டும் இருந்தால் ஸ்பிரிட்டில் ஊறவைக்கலாம். நாலடி பிவிசி குழாயின் ஒரு முனையை மூடி ஒட்டி, மறுமுனைக்குத் திருகு மூடி போட்டு, கம்பிகளைச் சுருட்டாமல் உள்ளே இறக்கி, மெதிலேற்றட் ஸ்பிரிட் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். எடுத்துத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் கிட்ட வேண்டாம். பேஸின் பொலிஷில் ஒரு சொட்டும் விழக்கூடாது, மங்கிவிடும். தண்ணீரில் அவிக்கும் பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் சுற்றுக்குள் தங்கும் ஈரம் உள்ளே இருக்கும் ஸ்டீல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். (கன்னியா வெந்நீரூற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம், அங்கே அந்தளவு சூடும் இல்லை.) மேற்பூச்சுள்ள கம்பிக்கும் ஃபிளாட்வவுண்டுக்கும் இந்த வைத்தியம் செய்யாதீர்கள்.

மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 80 கிலோ பாரத்தில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் நெக் நிலைக்கு வர நேரமெடுக்கும். புதுக் கம்பியை அதன் பெக்கை (சுருதி முறுக்கும் தண்டு) தாண்டி 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம் விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்கோணமாய் மடியுங்கள், அதற்குப் பிறகுதான் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று உள்கம்பியில் வழுக்கி, அந்தக் கம்பி முழுதும் செத்துப்போகும். புதுக் கம்பி வீணாவது பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான். நுனியைப் பெக்கின் நடுத்துளைக்குள் குத்தி, இரண்டு மூன்று சுற்று, மேலிருந்து கீழாக. சுருதி ஏற்றியதும் நட்டுக்கு முன்னாலும் சாடிலுக்கு முன்னாலும் கம்பியைப் பெருவிரலால் ஒரு தடவை அமத்துங்கள். அந்த வளைவு நேராகாவிட்டால் சுருதி நிற்காது.

நெக் விஷயத்தில் திருகோணமலைக்காரர் காற்றைப் பார்த்து நடக்கவேண்டும். வாடைக்காற்று மழையோடு வரும் மாதங்களில் மரம் ஈரத்தைக் குடித்து நெக் முன்பக்கம் வளையும், கம்பி உயரும். கச்சான் வீசத் தொடங்கி எல்லாம் காய்ந்துபோனால் நெக் பின்னால் போகும், கீழ் ஃபிரெட்டுகளில் கம்பி உரசிக் கறகறக்கும். ஆகவே வருடத்தில் இரண்டு தடவை பார்த்தால் போதும். முதலாம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அமத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் ஈ கம்பியை அமத்தி, ஏழாம் எட்டாம் ஃபிரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீற்றர், அதாவது தடித்த விசிற்றிங் கார்ட் ஒன்று உரசாமல் நுழைய வேண்டும். கூடுதலென்றால் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ரொட்டை வலப்பக்கம் கால் சுற்று, குறைவென்றால் இடப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் திருப்பாமல், மறுநாள் திரும்பப் பாருங்கள். இறுகி மறுத்தால் பலம் போடாதீர்கள், ரொட் அறுந்தால் செலவு பெரிது.

நெக் சரியான பிறகே சாடில் உயரம். 17ஆம் ஃபிரெட்டில் ஈ கம்பிக்கு 2.4, ஜி கம்பிக்கு 2 மில்லிமீற்றர் நல்ல தொடக்கம். கடைசியாக, 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (அமத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரம்) அமத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அமத்தியது ஏறிக் காட்டினால் சாடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கிக் காட்டினால் முன்னே.

இனி மேடை. கோயில் திருவிழா மேடைகளில் ஜெனரேற்றரிலிருந்து இழுத்த கரண்ட்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக அம்பின் (அம்பிளிஃபயரின்) எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. எர்த் இல்லாத மேடையில் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தால் 230 வோல்ற் உங்களுக்கூடாகப் போகலாம். வாசிக்க முன், மல்ரிமீற்றரை ஏசி வோல்ற் அளவில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் தொடுங்கள். ஓரிரு வோல்ற்றுக்கு மேல் காட்டினால் சரிசெய்யும்வரை ஏறவேண்டாம். இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் வயரைக் கழற்றுபவரைக் கிட்டவும் விடாதீர்கள். கம்பியைத் தொட்டதும் குறைகிற இரைச்சல் சாதாரணமானது. தொட்டாலும் குறையாமல், ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி சுரத்தோடு சேர்ந்து மெல்ல அலைகிறதென்றால் அது மின்சார இரைச்சல்: அந்த ஜி 49 ஹேர்ட்ஸ், நம் மின்சாரம் 50. டிஐ பொக்ஸில் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட்டை, அதாவது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் சுவிட்சை, அமத்துங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

டிஐ பொக்ஸ் உங்கள் சொந்தமாக இருக்கட்டும். பேஸிலிருந்து அதற்கு ஆறு மீற்றருக்குள் ஒரு வயர், அங்கிருந்து மிக்சருக்கு மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வயர். நேரே மிக்சரின் லைனில் குத்தினால் பற்றரி இல்லாத பசிவ் பேஸ் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்கும்.

திறந்தவெளியில் சுவர் இல்லை, அடிச்சத்தம் கடலோடு போய்விடும். அதற்காகப் பேஸ் குமிழை ஏற்றினால் ஸ்பீக்கர் குழறும், “தம்பி, பேஸக் கொஞ்சம் குறைங்க” என்று சவுண்ட்காரர் கைகாட்டுவார். திறந்த ஈ கம்பி 41 ஹேர்ட்ஸ். வாடகைக்கு வரும் 12 அங்குலப் பெட்டிகள் அதைச் சரியாகத் தரமாட்டா. 40க்குக் கீழே வெட்டிவிட்டு 400 முதல் 800 வரை கொஞ்சம் தூக்குங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும், றம்ஸோடு சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் பின்வரிசைவரை தெளிவாகப் போகும்.

அக்டிவ் பேஸ் என்றால், வயர் குத்தியிருக்கும் நேரமெல்லாம் 9 வோல்ற் பற்றரி செலவாகிக்கொண்டே இருக்கும். இடைவேளையில் உருவிவிடுங்கள். சத்தம் குறைந்து ஓரம் கரகரத்தால் அம்பைச் சந்தேகிக்க முதல் பற்றரியை மாற்றுங்கள். பையில் புதுப் பற்றரி ஒன்று, ஆலன் கீகள், ஈ கம்பி ஒன்று, காய்ந்த துணி இரண்டு.