எழுத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது

கிளிநொச்சியில் எங்கள் கலியாணத்துக்கு ஐயரையும் மேளத்தையும் இரண்டு மாதம் முன்பே பேசியாயிற்று. எழுத்தை, அதாவது சட்டப்படியான கலியாணப் பதிவை, கடைசிக்கு விட்டதுதான் பிழை. ஒன்பது நாள் இருக்கும்போது பதிவாளரிடம் போனோம். அறிவித்தல் கொடுத்து 12 நாள் கழிந்த பிறகுதான் சாதாரண முறையில் எழுதலாம் என்றார்.

அதோடு என் பிறப்புச் சான்றிதழும் இல்லை. 2009 போர்க்கால இடப்பெயர்வில் அது இருந்த தகரப்பெட்டியை முல்லைத்தீவு மாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம். பதிவு இலக்கமும் தெரியாது. பிறந்த திகதியையும் இடத்தையும் எழுதிக் கொடுத்தேன். பிரதேச செயலகத்தில் தேடிப் பிரதி எடுத்துத் தந்தார்கள். பதிவே அகப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு, மனம் விடவேண்டாம்.

அப்புறம் விசேட அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தோம். அது கிடைத்தால் காத்திருக்கத் தேவையில்லை, பதிவாளர் வீட்டுக்கே வந்து எழுதுவார். ஐயர் தாலி எடுத்துக் கொடுத்தாலும், பிறகு கடவுச்சீட்டுக்கும் பிள்ளையின் பதிவுக்கும் கையில் வேண்டியது எழுத்து முடிந்து கிடைக்கும் கலியாணச் சான்றிதழ்தான்.

எழுத்தன்று குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பதிவாளர் பதிவுப் புத்தகத்தை விரித்தார். ஒப்பமிட முன் அடையாள அட்டையோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அப்பாவின் பெயரில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் 'ள' இருந்ததை அம்மாதான் கண்டு சொன்னா. அங்கேயே திருத்தினோம். பிறகு இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டார்கள்.