"பழையபடி ஆகிவிடும்" என்று சொல்லாதீர்கள்: குடல் அறுவை சிகிச்சையில் பேச்சுத் தவறுகள்

போன வாரம் ரவுண்ட்ஸ் முடிந்து வார்டில் நின்றபோது, திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜூனியர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மூணு மாசத்துல பையை எடுத்துடுவோம். அப்புறம் எல்லாம் பழையபடி ஆயிடும்." 15 வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல். பை என்றால், குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டு, மலம் சேர ஒட்டும் பை. அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள், மருத்துவச் சொற்களைக் கொட்டாதீர்கள் என்று ஏற்கெனவே பத்துப் பேர் ஜூனியர் சர்ஜன்களான உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவற்றை விடுகிறேன்.

ஸ்டோமா இடத்தை ஆபரேஷன் மேஜையில் குறிப்பது

மல்லாந்து படுத்திருக்கும் வயிறு பொய் சொல்லும். அதே ஆள் எழுந்து உட்கார்ந்தால் மடிப்பு விழும், நீங்கள் குறித்த புள்ளி அதற்குள் போய்விடும். மடிப்பில் பை ஒட்டாது. ஒட்டாத பை கசியும், கசிவது தோலை அரித்துப் புண்ணாக்கும். அறுவைக்கு முன்பே நோயாளியை நிற்க, உட்கார, குனிய வைத்துக் குறியுங்கள். பெல்ட் கட்டும் இடம், பழைய தழும்பு, எலும்பு விளிம்பு ஆகியவற்றைத் தவிருங்கள். குறித்த இடம் அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அவரிடமே கேளுங்கள். தொந்திக்குக் கீழே போய்விட்டால் பையை மாற்ற இன்னொருவர் கையை எதிர்பார்த்தே அவர் காலம் தள்ள வேண்டியிருக்கும். ஸ்டோமா நர்ஸ் இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள், நம்மைவிட நன்றாகவே செய்வார்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியாச்சு, அதனால் பேசியாச்சு என்று நினைப்பது

பேசவில்லை.

"பழையபடி ஆகிவிடும்"

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். நானே செய்தது என்பதால் எரிச்சல் இரண்டு மடங்கு.

நான் அப்படிச் சொன்ன நோயாளி ஒரு பேருந்து ஓட்டுநர். ஆசனவாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் புற்றுநோய்க் கட்டி. கதிர்வீச்சு கொடுத்தோம், மலக்குடலை எடுத்தோம், பெருங்குடலைக் கீழே இழுத்து இணைத்தோம். இணைப்பு ஆறும் வரை சிறுகுடலில் தற்காலிகப் பை. நிரந்தரப் பை வேண்டியதில்லை என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். பையை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும் என்றேன். நானும் அதை நம்பித்தான் சொன்னேன்.

பையை எடுத்த பிறகு ஒரு வருடம் ஒழுங்காகச் செக்கப்புக்கு வந்தார். ஸ்கேன் சுத்தம். புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் சிஇஏ அளவும் சரி. "எத்தனை முறை போறீங்க?" என்று கேட்பேன். "அஞ்சாறு தடவை டாக்டர்." போகப் போகக் குறையும் என்று சொல்லிவிட்டு ஃபைலில் 'நலம்' என்று எழுதுவேன். அப்புறம் புரட்டி எண்ணிப் பார்த்தேன். நான்கு முறை 'நலம்'.

ஐந்தாவது முறை அவர் மனைவியும் கூட வந்தார். "ரொம்ப நல்லா இருக்கார்மா" என்று நான் ஆரம்பித்ததும், "இவர் வேலையை விட்டு ஏழு மாசம் ஆச்சு டாக்டர்" என்றார். வந்தால் ஒரு நிமிடம் அடக்க முடியாதவர் பேருந்தை எங்கே நிறுத்துவார்? காலையில் ஒருமுறை போனால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நான்கு தடவை ஓட வேண்டும். வெளியே கிளம்பும் நாட்களில் சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். "ஸ்கேனைப் பார்த்து நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. அதை ஏன் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

இதற்குப் பெயரே இருக்கிறது. லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சிண்ட்ரோம், சுருக்கமாக லார்ஸ். மலத்தைத் தேக்கி வைத்து, நேரம் பார்த்து வெளியே விடும் தொட்டிதான் மலக்குடல். அதன் இடத்தில் நாம் கொண்டுபோய் வைக்கும் பெருங்குடலுக்கு அந்தக் கொள்ளளவும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை. இணைப்பு ஆசனவாய்க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சிரமம். கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் இன்னும் கூடும்.

2012-இல் டென்மார்க் மருத்துவர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். ஐந்தே கேள்விகள், மொத்தம் 42. 30-ஐத் தொட்டால் கடுமையான லார்ஸ். ஒவ்வொரு தொந்தரவும் நோயாளியின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதைப் பொறுத்து மதிப்பெண்களைப் பிரித்திருக்கிறார்கள். எத்தனை முறை போகிறார் என்பதற்கு அதிகபட்சம் 5. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா என்பதற்கு 11. அவசரமாக ஓட வேண்டியிருக்கிறதா என்பதற்கு 16. நான்கு முறையும் நான் கேட்டது அந்த 5 மதிப்பெண் கேள்வியை மட்டும்தான்.

அறுவைக்கு முன்பே இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "கட்டியை எடுப்போம். ஆனால் மலம் போவது முன்பு மாதிரி இருக்காது. முதல் ஒரு வருடத்தில் மெல்ல மெல்லத் தேறும், எல்லாருக்கும் முழுசாகத் தேறாது. தொந்தரவு இருந்தால் மறைக்காதீங்க, செய்யறதுக்கு வழி இருக்கு." வழி இருக்கத்தான் செய்கிறது. இளக்கமாகப் போகிறவர்களுக்கு லோபெரமைட் என்ற வயிற்றுப்போக்கு மருந்து, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை. எதுவும் ஒத்துவராமல், நிரந்தரப் பையைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக நடமாடுபவர்களும் உண்டு. அப்படிக் கேட்பவரிடம் தோற்றுப்போன முகத்தைக் காட்டாதீர்கள்.

அந்த ஓட்டுநருக்கு நீரால் கழுவும் முறை ஒத்துவந்தது. வேலைதான் திரும்பக் கிடைக்கவில்லை.

"தற்காலிகம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்துவது

பையை எப்போது எடுப்போம், எதனால் தள்ளிப்போகலாம், எடுக்கவே முடியாமல் போகவும் வாய்ப்புண்டு என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். சிறுகுடல் பையோடு வீட்டுக்குப் போகிறவருக்கு ஓர் அளவுக் குவளையும் கொடுங்கள். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் உடனே கூப்பிட வேண்டும். "நிறைய தண்ணி குடிங்க" என்ற அறிவுரையை அப்படியே கேட்டு, வெறும் தண்ணீராகக் குடித்து, உடம்பில் உப்பு இறங்கி, சிறுநீரகம் அடிவாங்கித் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் வெறும் தண்ணீர் பையில் போவதைத்தான் கூட்டும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த கரைசல்தான் உடம்பில் தங்கும்.

தாம்பத்தியத்தைப் பற்றி அவரே கேட்கட்டும் என்று இருப்பது

கேட்க மாட்டார். இடுப்புக்குள் ஓடும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் விறைப்பு, விந்து வெளியேற்றம், சிறுநீர் எல்லாமே மாறலாம். பெண்களுக்கு வறட்சியும் வலியும் வரலாம், ஆனால் அவர்களிடம் இதை யாருமே கேட்பதில்லை. அறுவைக்கு முன்பே நீங்களாக ஆரம்பியுங்கள்.

"புரிஞ்சுதா?"

இந்தக் கேள்விக்கு யாரும் "இல்லை" என்று பதில் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை.

திரைக்குப் பின்னால் பேசிய அந்த ஜூனியர் கெட்டிக்காரர். படம் வரைந்து இருபது நிமிடம் விளக்கியிருந்தார். நான் உள்ளே போய், "வீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க ஐயா?" என்று நோயாளியைக் கேட்டேன். "குடல்ல கட்டி. மூணு மாசத்துல சரியாயிடும்" என்றார். ஜூனியர் என்னைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார்.