வீதியோர வேம்பை ஒரு வருடம் பார்ப்பது எப்படி?

வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு கட்டம் போட்ட அட்டவணையோடு யாழ்ப்பாணத்து மரத்தடிக்குப் போனால் ஒன்றும் பொருந்தாது. இங்கே வேம்பு இலை கொட்டுவது தை, மாசி வறட்சியில். ஒரு கொப்பு கொட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கொப்பில் தளிர் வந்துவிடும். அதனால் மழையையும் காற்றையும் வைத்துத்தான் வருடத்தைப் பிரிக்க வேண்டும்: ஐப்பசி முதல் மார்கழி வரை மாரியும் வாடையும், பிறகு வறட்சி, வைகாசியிலிருந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று.

படி 1: மரம்

தினமும் எப்படியும் கடந்து போகிற மரமாக எடுங்கள். பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற இடமாக இருக்கலாம், உங்கள் ஒழுங்கை முகப்பாக இருக்கலாம். பார்ப்பதற்கென்றே சைக்கிள் எடுத்துப் போக வேண்டிய மரம் நீடிக்காது. வாகையும் நல்ல மரம்தான், இலை முழுதாய் உதிர்ந்து காய்ந்த நெற்று சலசலப்பது வடிவாகத் தெரியும். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேம்பே என் தெரிவு. எங்கும் நிற்கிறது, ஒவ்வொரு கட்டமும் வேறு நிறத்தில் வருகிறது.

படி 2: கொப்பு

முழு மரத்தையும் கணக்கெடுக்க முயல வேண்டாம். கீழிருந்து தெரிகிற மூன்று கொப்புகளை, திசைக்கு ஒன்றாக, தெரிந்து வையுங்கள். அடையாளத்துக்கு ஆணி அடிக்காதீர்கள். கொப்பியில் ஒரு கோட்டுப்படம் போதும்.

படி 3: குறிப்பு

கிழமைக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில் நின்று ஒரு படம். பிறகு ஒவ்வொரு கொப்புக்கும்: பழுத்த இலை, செந்தளிர், மொட்டு, பூ, காய், பழம். இருக்கிறதா இல்லையா, இருந்தால் கொஞ்சமா, பாதியா, நிறையவா. அவ்வளவுதான். தளிர் செம்பு நிறத்தில் மினுங்கும், பச்சையாவதற்குள் பிடித்துவிடுங்கள். பூ பங்குனி, சித்திரையில். அப்போது வடகம் போடுகிற வீட்டார் மரத்தின் கீழ் பழைய சீலை விரித்திருப்பார்கள், உங்களுக்கு அதுவே குறிப்பு. ஆனி, ஆடியில் பழம் மஞ்சளாகும். காகமும் குயிலும் வௌவாலும் தின்னும் காலம். மதிலோரம் கொட்டை குவிந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

படி 4: பருவமா, நகரமா?

எல்லாரும் இடறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வீதி மரத்துக்கு வெயிலும் மழையும் மட்டும் எசமான் இல்லை. வயருக்கு இடைஞ்சல் என்று கொப்பு வெட்டிவிட்டுப் போவார்கள். சில கிழமையில் வெட்டுவாயைச் சுற்றிச் செந்தளிர் கொத்தாகக் கிளம்பும், அது ஆவணியாகவும் இருக்கலாம். கிட்டப் போய்ப் பாருங்கள்: வெட்டுத் தளிர் ஒரே இடத்திலிருந்து நேராய் மேலே எழும்பும், இலை வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். பருவத் தளிர் கொப்பு நுனிகளில் பரவலாக வரும். வெட்டுப்பட்ட கொப்பை அந்த வருடக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வெட்டிய திகதியை மட்டும் எழுதி வையுங்கள்.

இலை உதிர்விலும் இதே சிக்கல். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி போல ஒரு புயல் வந்தால் மரத்தடி முழுக்க இலை. விழுந்ததை எடுத்துப் பாருங்கள். பச்சையாக, காம்பு கிழிந்து, சிலவேளை சுள்ளியோடு கிடந்தால் காற்றின் வேலை. மஞ்சளாகி, சிற்றிலைகள் தனித்தனியே கழன்று, நடுநரம்பு ஈர்க்குப்போல வேறாகக் கிடந்தால் பருவம்.

தண்ணீரும் ஏமாற்றும். மதிலுக்கு உள்ளே கிணற்றடி இருந்தால் வேர் அந்த ஈரத்தைக் குடிக்கும், மாசியிலும் மரம் பச்சையாகவே நிற்கும். இதற்காகத்தான் ஒரு துணை மரம் வேண்டும்: வயரும் இல்லாத, யாரும் தண்ணீர் விடாத ஒரு வேம்பு. கோவில் வெளிவீதியில் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு தடவை அதையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மாறினால் பருவம், வீதி மரம் மட்டும் மாறினால் காரணத்தை வீதியில் தேடுங்கள்.

என்ன வேண்டும்?

சி.ஆர் கொப்பி (தடித்த அட்டை போட்ட கொப்பி), பென்சில். பேனை வேண்டாம், மாரியில் மை ஊறிவிடும். போனில் படம் எடுக்கும்போது ஸூம் பண்ணாதீர்கள், ஒவ்வொரு கிழமையும் அளவு மாறி ஒப்பிட முடியாமல் போகும். ஐநேச்சுரலிஸ்ட் செயலி மரத்தை இனங்காண நல்லது, ஆனால் ஒரே மரத்தின் வருடக் கதைக்குக் கொப்பிதான் வசதி. பைனாகுலர் கையில் இருந்தால் சரி, இதற்கென்று வாங்க வேண்டாம்.

பிற்சேர்க்கை

“பூ கத்தரிப்பூ நிறத்தில் வருகிறதே” என்று ஒருவர் கேட்டிருந்தார். அது மலைவேம்பு. அதன் இலை இரண்டு தரம் பிரியும், நடுநரம்பு கிளைவிட்டு அந்தக் கிளைகளில்தான் சிற்றிலைகள் நிற்கும். வேம்பின் இலை ஒரு தரம்தான், சிற்றிலைகள் நேரே நடுநரம்பிலேயே நிற்கும். குறிப்பை எறியாதீர்கள், மரத்தின் பெயரை மட்டும் மாற்றுங்கள்.

இன்னொருவருக்கு, பூ கொட்டிக் காய் குறைவாக வந்ததால் மரத்துக்கு நோயோ என்று கவலை. வேம்பில் ஆண்பூக்களும் இருபாற்பூக்களும் ஒரே மரத்தில் கலந்திருக்கும். ஆண்பூ காய்க்காது, உதிரத்தான் செய்யும். பூங்கொத்து ஒன்றில் சில காய் நின்றாலே “காய்: உண்டு” என்று எழுதிவிடலாம்.