பயறு வண்டுச் செய்முறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறையைக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் அறிவுறுத்தியது. அதனால் காலியான விலங்கியல் வகுப்பு நேரத்துக்கு, பயற்றின்மேல் முட்டையிட்டு அதற்குள்ளேயே புழுவாக வளரும் பயறு வண்டு நன்றாகப் பொருந்தும். வளர்ந்த வண்டுக்கு உணவோ நீரோ தேவையில்லை. ஒரு பாட்டில் தட்டைப்பயறு இருந்தால், நம் ஊர் வெப்பத்தில் மூன்று நான்கு வாரங்களில் அடுத்த தலைமுறை வெளிவந்துவிடும். ஆனால் வளர்ப்பது எளிது என்பதாலேயே ஆய்வை அலட்சியமாக அமைத்துவிடுகிறார்கள்.

பெண் வண்டு எந்தப் பயற்றில் முட்டையிட விரும்பும் என்று கேட்டுவிட்டு, தட்டைப்பயறு இருபது, பச்சைப்பயறு இருபது என்று அளவையும் ஆசிரியரே சொல்லிவிட்டால் மாணவர் யோசிக்க எதுவும் மிஞ்சாது. மேலும், தட்டைப்பயறு பெரியது என்பதால், எண்ணிக்கை சமமானாலும் முட்டையிடக் கிடைக்கும் பரப்பு சமமாகாது. எதைச் சமமாக்குவது என்று மாணவர்கள் தமக்குள் வாதாடுவதில் அரை மணி நேரம் போனாலும் போகட்டும். என் பார்வையில் அன்றைய பாடமே அதுதான்.

பத்துப் பெண் வண்டுகளை ஒரே தட்டில் விட்டுப் பத்து முறை சோதித்ததாகக் கணக்கு எழுதுவது இதைவிடப் பெரிய தவறு. ஏற்கெனவே முட்டை ஒட்டியிருக்கும் பயற்றைப் பெண் வண்டு கூடியவரை தவிர்க்கும் என்பதால், ஒன்றின் தேர்வு மற்றொன்றின் தேர்வை மாற்றிவிடும். ஒரு தட்டுக்கு ஒரு வண்டு என்று பத்துத் தட்டுகள் வைத்தால்தான் அது பத்தாகும்.

எண்ணுவதிலும் பிழை வரும். புதிதாக இட்ட முட்டை நிறமற்றுப் பளபளக்கும். புழு பொரிந்து பயற்றைத் துளைத்து உள்ளே போகும்போது அதன் கழிவு நிறைந்து ஓடு வெண்மையாகும். கைலென்ஸ் இல்லாமல் எண்ணுபவர் வெள்ளைப் புள்ளிகளை மட்டும் எண்ணுவார். அது பொரிந்த முட்டைகளின் கணக்கே தவிர, இட்டவற்றின் கணக்கு அன்று.

வண்டுகள் எந்தப் பயற்றில் வளர்ந்தவை என்பதைப் பாட்டிலில் எழுதி ஒட்டாவிட்டால், பிறந்த பயறு தேர்வைப் பாதித்ததா என்று பின்னர் கேட்கவே முடியாது. விதைக்கடைப் பயற்றில் பூச்சிமருந்து பூசியிருக்கலாம் என்பதால் அதை வாங்கக் கூடாது. மளிகைக்கடைப் பயற்றுக்குள் முன்பே புழு இருக்கக்கூடும். ஆகவே அதைச் சில நாட்கள் உறையவைத்து, ஈரம் உலர்ந்தபின் பயன்படுத்த வேண்டும்.

முடிந்தபின் தட்டுகளை அப்படியே குப்பையில் கொட்டினால், விடுதிச் சமையற்கூடத்துப் பயறு மூட்டைகள் வரை வண்டு போய்ச் சேரும். அவற்றையும் உறைவிப்பானில் சில நாட்கள் வைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.