பழைய 407-க்கு ஸ்பேர் இன்ஜினா, உடைக்க ஒரு வண்டியா? முதல் முறை வாங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டில் 1999 மாடல் டாடா 407 மினி லாரி ஒன்று இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. இப்போது தம்பியும் நானும் அதில் செங்கல், எம்-சாண்ட் ஏற்றுகிறோம். இந்த வயது வண்டி என்றைக்காவது ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ரீபோருக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய, பட்டறையில் விட்டால், லேத்துக்குப் போன சாமான் திரும்பி வரவே பத்து நாள் ஆகிவிடும். அதற்குள் லோடு கொடுப்பவர் வேறு வண்டி பார்த்துக்கொள்வார். ஓடக்கூடிய இன்னொரு இன்ஜின் கையில் இருந்தால் இரண்டு நாளில் மாற்றி வண்டியை ரோட்டில் விடலாம். கழற்றியதை நிதானமாக வேலை பார்த்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒன்றை ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று சொல்கிறேன்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று எழுதிக்கொள்ளுங்கள்

407 வந்தது 1986-இல். அதன் பழைய இன்ஜினை 497 என்பார்கள்: 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் விட்டம்). மொத்தம் 2956 சி.சி. ஆனால் 497 என்று சொன்னால் மட்டும் போதாது. டர்போ இல்லாதது, டர்போ வைத்தது, பி.எஸ். 4 என்ற புகை விதிக் காலத்துக் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சுவது) என்று பல வகை உண்டு. பம்ப் வைத்த பழைய வண்டியில் காமன் ரெயில் இன்ஜினை மாட்டப் போனால் ஒயரிங், கம்ப்யூட்டர், டீசல் லைன் எல்லாமே மாறும். ஆரம்பிக்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் எழுதுங்கள். அப்புறம் வண்டிக்குக் கீழே படுத்து போட்டோ எடுங்கள்: சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) பள்ளம் முன்னால் இருக்கிறதா பின்னாலா, இன்ஜின் மவுண்டிங் எங்கே உட்கார்கிறது, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் போல்ட் ஓட்டைகள் எப்படி இருக்கின்றன, வேக்கம் பம்ப் எங்கே இருக்கிறது. கடையில் நிற்கும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

2. தனி இன்ஜினா, முழு வண்டியா?

இடமும் கொஞ்சம் கூடுதல் பணமும் இருந்தால் உடைத்துச் சாமான் எடுக்க, ஓடுகிற நிலையில் உள்ள முழு வண்டியை வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. தரையில் கிடக்கும் இன்ஜின் வாய் திறக்காது. வண்டியில் இருக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, லோடோடு ஓட்டி, சத்தம் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு காரணம் சின்னச் சாமான்கள். 407-க்குப் பிஸ்டனும் ரிங்கும் எந்த ஊரிலும் புதிதாகக் கிடைக்கும். பிராக்கெட், தண்ணீர் பைப், ஆக்ஸிலேட்டர் லிங்க், கேபின் கீல் போன்றவற்றுக்குத்தான் நாள் கணக்கில் அலைய வேண்டும். முழு வண்டியில் இவற்றோடு கியர் பாக்ஸ், கிரவுன், ஹப், ஸ்பிரிங் பட்டை, செல்ஃப் மோட்டார், டைனமோ எல்லாம் கூடவே வரும்.

வீட்டு முன்னால் ஒரு வண்டி நிறுத்த இடமில்லை என்றால் தனி இன்ஜின்தான் சரி. வாடகை இடத்தில் வண்டியைப் போட்டு வைத்தால் மிச்சம் பிடித்த காசெல்லாம் வாடகைக்கே போய்விடும்.

3. தேடும் இடம்

சென்னையில் பழைய வண்டிச் சாமான் கடைகள் உள்ள புதுப்பேட்டை. மேற்கே நாமக்கல், சங்ககிரி போன்ற லாரி ஊர்களில் பட்டறைக்காரர்களிடம் கேளுங்கள். ஊர்ப் பட்டறையில் சொல்லி வைப்பது இதைவிட நல்லது. கேபின் அரித்து எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க முடியாமல் நிற்கும் வண்டி எது என்று மெக்கானிக் அண்ணனுக்குத் தெரியும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். தகரம் போய் இன்ஜின் நன்றாக இருக்கும் வண்டிகள் அந்த நேரத்தில்தான் விலைக்கு வரும். நமக்கு வேண்டியதும் அதுதான். விபத்தில் முன்பக்கம் நசுங்கிய வண்டியை நான் தொடமாட்டேன். பிளாக்கும் மவுண்டிங்கும் உள்ளே என்ன ஆனது என்று வெளியிலிருந்து தெரியாது.

4. பணம் கொடுக்கும் முன் காகிதம்

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் இருக்கிறதா, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை என்று காட்டும். கடன் இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள நம்பரும் பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்பர் இருக்கும் இடம் மட்டும் பளபளவென்று தேய்த்திருந்தால், எழுத்து கோணலாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு இன்ஜினோடு பிடிபட்டால் உங்கள் நல்ல வண்டியும் ஸ்டேஷனில்தான் நிற்கும்.

தனி இன்ஜின் என்றால், இன்ஜின் நம்பர் எழுதிய பில், எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்பதற்கு ஆர்.சி. நகல், விற்பவரின் அடையாள அட்டை நகல் மூன்றும் வேண்டும்.

5. ஓடும் வண்டியைச் சோதிப்பது

காலையில் போங்கள். வருகிறோம் என்று சொல்லும்போதே, ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, ஆறும்வரை காத்திருங்கள். தேய்ந்த இன்ஜினின் குறை குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும்.

முதலில் டிப் ஸ்டிக். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினில் குறை இல்லை. பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்த பின் அங்கே நிற்காமல் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங் போயிருக்கும், அல்லது ஹெட்டே வெடித்திருக்கும். சூடான ரேடியேட்டரை மட்டும் திறக்காதீர்கள்.

அடுத்து புகை. குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. லோடில் கறுப்புப் புகை என்றால் நாசில் (டீசல் பீய்ச்சும் முனை), பம்ப், ஏர் ஃபில்டர் என்று பார்க்கலாம். அவை செலவு செய்தால் சரியாகிவிடும்.

ஆயில் ஊற்றும் மூடியை, இன்ஜின் ஓடும்போதே கழற்றிப் பாருங்கள். லேசாக மூச்சு விடுவதுபோல் இருந்தால் சரி. குபுகுபுவென்று புகை அடித்து மூடியையே தள்ளினால் பேக் கம்ப்ரஷன். ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. அந்த இன்ஜினை ரீபோர் செலவைக் கழித்த விலைக்குத்தான் கேட்க வேண்டும்.

பம்ப் வைத்த இன்ஜினில் இன்னொரு சோதனை உண்டு. ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். தளர்த்தியதும் சத்தம் மாறித் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லை என்றால் அது ஏற்கெனவே செத்திருக்கிறது. காமன் ரெயில் இன்ஜினில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அதன் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். மேடு ஏற்றுங்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தி விடும்போது அடியிலிருந்து டக் டக் என்று கனமான சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பின் ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் விழுந்தாலும் சந்தேகம் அதே இடத்தில்தான்.

6. தரையில் கிடக்கும் இன்ஜின் என்றால்

நான் முதலில் வாங்கியது இப்படி ஒன்றைத்தான். ஒரு கடையில் வெள்ளி பெயின்ட் அடித்து அழகாக வைத்திருந்தார்கள். மாட்டி ஒரு வாரத்தில் ஆயிலில் தண்ணீர். கழற்றிக் கழுவினால், தண்ணீர் ஓடும் பக்கம் பிளாக்கில் வெடிப்பு. அதை வெல்டு வைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாங்கிய காசு, ஏற்றி இறக்கிய கூலி, மெக்கானிக் கூலி எல்லாம் போயிற்று. அன்றிலிருந்து புதுப் பெயின்ட் அடித்த இன்ஜினை, ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

பானா (ஸ்பேனர்) போட்டு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் இறுகி நிற்கக் கூடாது. கிராங்கை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் வேண்டாம். சம்ப்பை இறக்க ஒத்துக்கொண்டால் இறக்கி, அடி மண்டியில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். பேரிங்கின் உள்பூச்சு உலோகம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் மின்னும் துகள் இருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள். நாசில் ஓட்டை வழியாகக் கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். விலை பேசும்போது பம்ப், செல்ஃப், டைனமோ, பிளைவீல் சேர்த்தா என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். சிலர் பம்ப்பைத் தனியாக விற்றுவிடுவார்கள்.

7. ஆர்.டி.ஓ. வேலை

இன்ஜினை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. செய்யாவிட்டால் எஃப்.சி.யில் நம்பர் ஒத்துவராது, இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். உடைக்க வாங்கிய வண்டியை மறந்துவிடாதீர்கள். அதன் ஆர்.சி. உயிரோடு இருக்கும்வரை வரி ஏறும். அதனால் பெயர் மாற்றம், பதிவு ரத்து இரண்டுக்கும் வழிமுறையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு முடித்த பிறகே கழற்றத் தொடங்குங்கள். அதன் சேசிஸ் நம்பரை வெட்டி வேறு வண்டியில் ஒட்டுவது குற்றம்.

8. பத்திரமாக வைப்பது

சம்ப் வெறும் தகடு. அதன் மேல் இன்ஜினை உட்கார வைக்காதீர்கள். மவுண்டிங்கில் தாங்குகிற மாதிரி மரக்கட்டையோ இரும்பு ஸ்டாண்டோ போடுங்கள். தண்ணீரை முழுக்க வடித்து, புது ஆயில் ஊற்றுங்கள். நாசிலைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, கிராங்கைச் சுற்றிவிட்டு, நாசிலை மாட்டுங்கள். மேனிஃபோல்டு, தண்ணீர், டீசல் வழிகள் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். குளவி மண் வைத்துக் கூடு கட்டும். எலி துணி கொண்டுபோய்த் திணிக்கும். சாமான் கழற்றும்போது போல்ட்டுகளை அந்தந்த ஓட்டையிலேயே திருப்பி மாட்டி வையுங்கள். ஒயரை வெட்டாமல் பின்னைக் கழற்றி, டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

மாதம் ஒரு முறை பானாவைப் போட்டு கிராங்கை இரண்டேகால் சுற்று சுற்றுங்கள். முழுச் சுற்றோடு நிறுத்தினால் பிஸ்டன் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். அந்தக் கால் சுற்றில்தான் ரிங் இடம் மாறும். எங்கள் ஸ்பேர் இன்ஜினுக்கு அமாவாசை அன்று வண்டிக்குப் பூசை போட்ட கையோடு தம்பி சுற்றிவிடுகிறான்.