டாஸ்மாக் வருமானமும் ஓய்வூதியச் செலவும்: தமிழ்நாடு பட்ஜெட்டில் தேடிப் படிப்பது எப்படி

"மதுக்கடையை மூடு", "பழைய ஓய்வூதியத்தைக் கொடு" என்ற இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மேடையில் ஒரே ஆள் பேசக் கேட்டிருப்பீர்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று கஜானாவுக்கு வருகிற பணத்தைக் குறைக்கும், இன்னொன்று அங்கிருந்து போகிற பணத்தைக் கூட்டும். அதனால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்தக் கட்சியின் வாக்குறுதியையும் எடைபோட முடியாது. இந்தக் கணக்கைப் பார்க்க ஆடிட்டர் யாரும் தேவையில்லை, ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலில் நிதித்துறையின் பட்ஜெட் இணையதளத்துக்குப் போங்கள். எல்லாம் இலவசம், தமிழிலும் நிறைய இருக்கிறது. நிதியமைச்சரின் உரையோடு நின்றுவிடாதீர்கள், அதில் அறிவிப்புகள்தான் அதிகம். நமக்கு வேண்டியது வருவாய் வரவு விவரமும், ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் பணம் கேட்கிற மானியக் கோரிக்கைகளும். கோரிக்கை எண் 37 மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை, எண் 50 ஓய்வூதியம். கணக்குத் தலைப்பு எண்களில் 0039 என்பது மாநில ஆயத்தீர்வை, அதாவது மது உற்பத்தி மீதும் உரிமங்கள் மீதும் போடுகிற வரி, 2071 என்பது ஓய்வூதியச் செலவு. இந்த எண்களைக் குறித்துக்கொண்டால் எந்த ஆண்டின் புத்தகத்தைத் திறந்தாலும் தேட வேண்டியதில்லை.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 0039-ஐ மட்டும் பார்த்துவிட்டு "மதுவால் இவ்வளவுதானா வருகிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநிலமே வாட் வரி போடுகிறது. மதுப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த வாட் வழியாகத்தான் வருகிறது. அது 0040 என்ற விற்பனை வரித் தலைப்பில் பெட்ரோல், டீசல் வரியோடு சேர்ந்து கிடக்கும், தனியாகப் பிரித்தெடுப்பது கஷ்டம். அதனால் மதுவிலக்குத் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பைத் தேடிப் பதிவிறக்குங்கள். ஆயத்தீர்வையையும் வாட்டையும் கூட்டி அதில் கொடுத்திருப்பார்கள். 2022-23-ல் சுமார் 44,121 கோடி ரூபாய், 2023-24-ல் சுமார் 45,856 கோடி, 2024-25-ல் சுமார் 48,344 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மூடு என்று சொல்பவர் இந்த நாலில் ஒரு பங்கை எங்கிருந்து கொண்டுவருவார் என்று கேட்க வேண்டும். அதற்காக மூடவே கூடாது என்று அர்த்தமில்லை.

அந்த மூன்று எண்களை இன்னொரு தடவை பாருங்கள். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், 5,329 இருந்தது 4,829 ஆனது. வருமானம் குறையவில்லை. விலை உயர்வும் இதில் ஒரு காரணம், ஆனாலும் மூடிய கடைகளின் எண்ணிக்கையை வைத்துக் குடி குறைந்ததா என்று சொல்லவே முடியாது. எத்தனை பெட்டி விற்றது என்ற கணக்குதான் வேண்டும். "இத்தனை கடை மூடுவோம்" என்கிற வாக்குறுதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, "ஆண்டுக்கு இத்தனை பெட்டி குறைப்போம்" என்று ஒருவர் சொன்னால் நின்று கேட்பேன்.

அப்புறம் ஓய்வூதியம். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் ஓய்வூதியத்துக்கு சுமார் 41,290 கோடி. இந்தத் தொகையைப் பார்த்தவுடன் பதறாமல், யாருக்குப் போகிறது என்று பாருங்கள். 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்கள் சி.பி.எஸ். என்கிற பங்களிப்புத் திட்டத்தில் வந்தவர்கள், சம்பளத்தில் 10 சதவீதம் பிடிப்பு, அரசும் அதே அளவு போடும். ஆக இன்று ஓய்வூதியம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்னால் சேர்ந்தவர்கள்தான். 2003-ல் 25 வயதில் சேர்ந்த ஓர் ஆசிரியர் 60 வயதில் ஓய்வுபெறுவது 2038-ல். அதனால் ஓய்வூதிய விதியை இன்று எப்படி மாற்றினாலும் அதன் முழு பாரம் இன்றைய பட்ஜெட்டில் தெரியாது, அடுத்த தலைமுறையின் பட்ஜெட்டில்தான் தெரியும். கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் புதிய திட்டத்தை 2026 ஜனவரியில் அரசு அறிவித்தபோதும் கேட்க வேண்டியிருந்த கேள்வி இதுதான்: அதற்கான நிதியை ஆண்டுதோறும் தனியாக எடுத்து வைக்கிறீர்களா, அந்தத் தொகை பட்ஜெட்டில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது?

இரண்டு கணக்கும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. டாஸ்மாக் கடைகளில் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று 23,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசு கையில் எடுத்தபோது தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆண்டுக்கு 48,000 கோடி கொண்டுவருகிறவர்களுக்கு அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் கிடையாது. கடைகளை மூடும் திட்டம் எதுவானாலும் இவர்களுக்கு மாற்று வேலை எங்கே என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைத் திட்டம் என்று ஏற்க எனக்கு மனமில்லை.

ஆவணத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, டாஸ்மாக்கின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும், ஆன்லைனிலும் போடலாம். "ஏன் மூடவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. "எங்கள் மாவட்டத்தில் கடந்த 5 நிதியாண்டுகளில், ஆண்டுவாரியாக, விற்பனையான மது மற்றும் பீர் பெட்டிகளின் எண்ணிக்கை" என்று பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். கொள்முதல் விலை மாதிரி விஷயங்களை வணிக ரகசியம் என்று மறுக்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், பாதிப் பேர் விட்டுவிடுவது இங்கேதான்.

உங்கள் பகுதிக் கடைதான் பிரச்சினை என்றால் வழி கொஞ்சம் வேறு. கோயில், மசூதி, தேவாலயம், பள்ளி, கல்லூரி ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி, சில விலக்குகளும் உண்டு. தூரத்தை அளந்து படம் எடுத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராமமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு அதன் நகலையும் இணையுங்கள். தீர்மானம் மட்டுமே கடையை மூடிவிடாது, ஆனால் பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் அது கையில் இருப்பது நல்லது.

கடைசியாக, வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது இன்னொன்றையும் கேளுங்கள். மது விற்கிற டாஸ்மாக்கும், அந்த விற்பனையைக் கண்காணித்து உரிமம் கொடுக்கிற மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையரகமும் ஒரே துறையின் கீழ் இருக்கின்றன. விற்பனை கூடினால் தன் வருமானம் கூடும் என்கிற துறை குடியைக் குறைக்கும் வேலையை மனதாரச் செய்யும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கண்காணிப்பைத் தனி அமைப்பிடம் கொடுக்க இன்னொரு பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்காகக் கடை எதையும் மூட வேண்டியதும் இல்லை. செய்வீர்களா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.